பணம் திரும்பி வராவிட்டால் யாரைக் கேட்பது?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 49. வேடசந்தூர் பக்கம் நூற்பாலை ஒன்றில் வேலை பார்த்த என் கணவர், எட்டு மாதங்களுக்கு முன் 54 வயதில் மாரடைப்பால் காலமானார். பி.எஃப்., பணிக்கொடை, எல்.ஐ.சி. எல்லாம் சேர்ந்து 16 லட்சம் ரூபாய் வந்தது. அவர் கணக்கு வைத்திருந்த வங்கியிலேயே என் பெயரில் போட்டேன். அங்கிருந்த அலுவலர் நல்ல திட்டம் என்று சொன்னதால் 2 லட்சத்துக்கு ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். ஃபிக்ஸட் டெபாசிட் என்றுதான் நினைத்தேன். மூன்று வாரத்துக்கு முன் தபாலில் பாலிசிப் பத்திரம் வந்திருக்கிறது. வருடாவருடம் 2 லட்சம் கட்ட வேண்டும் என்கிறாள் மகள். துணிக்கடையில் எனக்கு மாதம் 11 ஆயிரம் சம்பளம். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, மகன் பதினோராம் வகுப்பு. 74 வயது மாமியாரும் என்னோடுதான் இருக்கிறார்.

பக்கத்து வீட்டுப் பையன் ஒரு நிதி கம்பெனிக்கு ஏஜென்ட். 10 லட்சம் போட்டால் 14 சதவீத வட்டி என்கிறான். கொழுந்தனார் ஏலச்சீட்டு நடத்துகிறார், அதில் சேரச் சொல்கிறார். ஊரில் கூட்டுறவு சங்கம் இருக்கிறது, தபால் ஆபீஸ் இருக்கிறது, கேள்விப்படாத பெயரில் புது வங்கி ஒன்றும் திறந்திருக்கிறார்கள். எது வங்கி, எது வங்கி இல்லை, எதை நம்புவது என்றே தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பையனின் அம்மா அந்த நிதி கம்பெனியில் வாங்கிய ரசீதின் நகலை இணைத்திருக்கிறேன். — திண்டுக்கல் மாவட்ட வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் நாள் கணக்கில் அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தப் பதில் அச்சாகும்வரை அது காத்திருக்கக்கூடாது என்று உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் அதை முதலில் சொல்கிறேன்.

உங்கள் கைக்கு வந்திருப்பது ஆயுள் காப்பீட்டுப் பாலிசி. பத்திரம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து அதை ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. முன்பு 15 நாளாக இருந்த அவகாசத்தைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் 30 நாளாக்கியது. மூன்று வாரம் போய்விட்டது என்கிறீர்கள். மிச்சம் இருப்பது ஒரு வாரம்தான்.

நாளைக்கே வெள்ளைத்தாளில் எழுதுங்கள். பாலிசி எண், பத்திரம் கிடைத்த தேதி, ஃபிக்ஸட் டெபாசிட் என்று நினைத்துக் கையெழுத்திட்டதாகவும் அதை ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தரும்படியும் நான்கு வரி போதும். பத்திரத்தில் அந்தக் காப்பீட்டுக் கம்பெனியின் கிளை முகவரி அச்சாகியிருக்கும். அந்தக் கிளையில் நேரில் கொடுத்து, உங்களிடம் உள்ள நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பத்திரத்தில் இருக்கும் மின்னஞ்சல் முகவரிக்கும் மகளை விட்டு அனுப்பச் சொல்லுங்கள். வங்கிக் கிளைக்கு ஒரு நகல் போகட்டும், ஆனால் வங்கியில் கொடுத்துவிட்டோம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். "மேடம், அடுத்த வாரம் வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்று அங்கே யாராவது சொன்னால், அந்த ஒரு வாரம்தான் உங்களிடம் மிச்சம் இருப்பது. முத்திரைத்தாள் செலவு, இத்தனை நாள் காப்பீடு இருந்ததற்கான சிறு தொகை போன்றவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார்கள்.

காப்பீடு கெட்டது என்பதால் இதைச் சொல்லவில்லை. மாதம் 11 ஆயிரம் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு ஆண்டுக்கு 2 லட்சம் பிரீமியம் உள்ள பாலிசியை விற்றது தவறு. அதைத் தவறு என்று நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களைப் போல வங்கியை நம்பிக் கையெழுத்திட்ட பலரை நான் கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். எதை நம்புவது என்று கேட்கிறீர்கள். போர்டில் என்ன எழுதியிருக்கிறது, எத்தனை சதவீதம் வட்டி, தெரிந்தவரா தெரியாதவரா என்பதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் இரண்டே கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பணத்தை எனக்குத் திருப்பித் தரச் சட்டப்படி கடமைப்பட்டவர் யார்? அவரால் தர முடியாமல் போனால், அவருக்குப் பதிலாகத் தரப்போவது யார்?

உங்கள் வங்கியில் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். சேமிப்புக் கணக்கில் இருக்கும் 14 லட்சத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அதே மேஜையில் அதே அலுவலர் கொடுத்த பாலிசிக்குப் பொறுப்பு காப்பீட்டுக் கம்பெனி. வங்கி அங்கே வெறும் முகவர். நாளை அதே மேஜையில் மியூச்சுவல் ஃபண்ட் படிவம் நீட்டினால், போட்ட முதலைத் தருவேன் என்று யாருமே வாக்குக் கொடுக்கவில்லை என்று பொருள், அது சந்தையைப் பொறுத்தது. ஒரே கட்டடம், ஒரே சீருடை, மூன்று வேறு பொறுப்புகள். அதனால் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், "இது உங்கள் வங்கியின் டெபாசிட்தானா? ரசீதில் உங்கள் வங்கியின் பெயர் இருக்குமா?" என்று கேளுங்கள். ஆம் என்று நேராகப் பதில் வராவிட்டால் படிவத்தை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.

வங்கி முடங்கிப்போனால் என்ன ஆகும்? ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனமான டெபாசிட் காப்பீட்டுக் கழகம் தரும். இந்த ஏற்பாடு 1960-ல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி மூழ்கிய பிறகு, 1962-ல் வந்தது. இன்று ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு. 2020 பிப்ரவரி வரை இது 1 லட்சம்தான். ஒரே வங்கியின் நான்கு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் மொத்தமாக ஒன்றாகத்தான் கணக்கு. வேறு வேறு வங்கியில் போட்டால் ஒவ்வொன்றிலும் தனித்தனியே 5 லட்சம். வங்கியின் மீது ரிசர்வ் வங்கி தடை விதித்தால் 90 நாளுக்குள் இந்தத் தொகையைத் தந்துவிட வேண்டும் என்று 2021-ல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

நம் பக்கத்தில் நடந்த ஒன்று உங்களுக்கு நினைவிருக்கலாம். கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பர் 17-ஆம் தேதி தடை வந்தது. 25 ஆயிரத்துக்கு மேல் எடுக்க முடியாது என்றதும் கிளை வாசல்களில் மக்கள் பதறிப்போய் நின்றார்கள். பத்து நாளில் அது டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது, டெபாசிட் போட்டிருந்தவர்களின் பணம் முழுதாக நின்றது. ஆனால் அதே வங்கியின் பங்குகளை வாங்கி வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை. டெபாசிட் போட்டவருக்கு வங்கி கடன்பட்டிருக்கிறது, பங்கு வாங்கியவர் அதன் நஷ்டத்திலும் பங்காளி. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு, நீங்கள் அனுப்பிய ரசீதைப் பார்ப்போம்.

நிறுவனத்தின் பெயர் மேலே பெரிய எழுத்தில் இருக்கிறது. கீழே உறுப்பினர் எண், தொகை, 14 சதவீதம், முதிர்வுத் தேதி. எல்லாம் வங்கி ரசீது போலவே. நடுவில், தொகைக்கு மேலே, பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது: முன்னுரிமைப் பங்குகளுக்கான விண்ணப்பத் தொகை. அதாவது அந்த அம்மா டெபாசிட் போடவே இல்லை. பங்கு வாங்க மனுப் போட்டு, அதற்கான பணத்தைக் கட்டியிருக்கிறார். பின்பக்கத்தில், முதிர்வுத் தேதியை நீட்டிக்க இயக்குநர்களுக்கு அதிகாரம் உண்டு என்றும் ஒரு நிபந்தனை.

நிதி கம்பெனி என்பது சட்டத்துக்குப் புறம்பான ஒன்று அல்ல. கம்பெனிகள் சட்டத்தின் 406-வது பிரிவின் கீழ், உறுப்பினர்களிடம் மட்டும் டெபாசிட் வாங்கி உறுப்பினர்களுக்கு மட்டும் கடன் கொடுக்கும் அமைப்பு அது. தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக ஒழுங்காக நடக்கும் நிதிகளும் இருக்கின்றன. ஆனால் 2014-ஆம் ஆண்டின் நிதி விதிகள் அவற்றுக்குச் சில தடைகளைப் போட்டிருக்கின்றன. முன்னுரிமைப் பங்கு வெளியிடக்கூடாது. டெபாசிட் கேட்டு விளம்பரம் செய்யக்கூடாது. டெபாசிட் பிடித்துத் தருபவருக்குக் கமிஷன் கொடுக்கக்கூடாது. வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி விதித்திருக்கும் உச்ச வட்டிக்கு மேல் தரக்கூடாது. அந்த உச்சம் 12.5 சதவீதம்.

இப்போது பக்கத்து வீட்டுப் பையன் சொன்னதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 14 சதவீதம், ஏஜென்ட் கமிஷன், முன்னுரிமைப் பங்கு. மூன்றும் விதிக்கு மாறானவை. அவன் உங்களை ஏமாற்ற வருகிறான் என்று நான் சொல்லவில்லை. சொந்த அம்மாவின் பணத்தையும் அதில் போட்டிருக்கிறான் அல்லவா? அவனுக்கே தெரியாது என்பதுதான் இதில் எனக்கு வருத்தமான விஷயம். அலுவலகச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கும் சான்றிதழைக் காட்டி, அரசு அனுமதி என்பான். அதில் இருக்கும் 21 இலக்க எண், கம்பெனியாகப் பதிவு செய்ததற்கான அடையாளம் மட்டுமே. பிஸ்கட் கம்பெனிக்கும் அதே வகை எண்தான். நிதி நிறுவனமாக மத்திய அரசு அறிவித்த ஆணை இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். அந்தத் தகுதி கேட்டு 2021 ஆகஸ்ட் வரை 348 கம்பெனிகள் விண்ணப்பித்ததாகவும், அவற்றில் ஒன்றுகூட விதிகளை நிறைவு செய்யவில்லை என்றும் கம்பெனி விவகார அமைச்சகமே எச்சரிக்கை வெளியிட்டது.

டெபாசிட் காப்பீடு எந்த நிதிக்கும் கிடையாது. ஒழுங்காக நடக்கும் நிதிக்கும் கிடையாது.

"வித்தியாசம் பாதிக்குப் பாதி இருக்கிறதே" என்று உங்களுக்குத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 லட்சத்துக்கு 14 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 1,40,000. தபால் நிலையத்தின் 7.4 சதவீதத்தில் 74,000. வித்தியாசம் 66,000 ரூபாய். இதற்காக முதலைப் பணயம் வைக்கிறீர்கள். முதல் போய்விட்டால், ஆண்டுக்கு 66,000 வீதம் சேர்த்து அந்த 10 லட்சத்தை மறுபடி எட்ட 15 ஆண்டுக்கு மேல் ஆகும். அப்போது உங்களுக்கு 64 வயது.

மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை வட்டி என்று சொல்லி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்ததாக ஆருத்ரா நிறுவனத்தின் மீது 2022-ல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் போட்டதைப் படித்திருப்பீர்கள். அப்படிப்பட்ட வட்டியைக் கண்டால் பலர் உஷாராகிவிடுகிறார்கள். ஆண்டுக்கு 14 சதவீதம் என்பது நியாயமாகத் தோன்றுகிறது, அதனால்தான் இதைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பக்கத்து வீட்டு அம்மாவிடமும் பேசுங்கள். முதிர்வு வரை காத்திராமல் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். தராமல் இழுத்தால் மாவட்டப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். டெபாசிட்தாரர்களைக் காக்க 1997-லேயே தமிழ்நாடு தனிச்சட்டம் கொண்டுவந்திருக்கிறது. நிறுவனத்தின் சொத்தை முடக்கி ஏலம் விட்டுப் பணம் தர அதில் வழி உண்டு. வழி உண்டே தவிர, அது விரைவான வழி அல்ல.

கொழுந்தனாரின் சீட்டுக்கு வருவோம். ஏலச்சீட்டு நம் மண்ணில் ஊறிய ஏற்பாடு, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். வங்கி வாசலை மிதிக்காதவர்களுக்குக் கடை வைத்துக் கொடுத்ததும் கல்யாணம் நடத்திக் கொடுத்ததும் சீட்டுதான். 1 லட்சம் சீட்டு, 20 பேர், மாதம் 5,000, 20 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் அவசரத் தேவை உள்ள ஒருவர் 30,000 தள்ளி 70,000-க்கு எடுக்கிறார். தள்ளிய 30,000-ல் நடத்துபவரின் கமிஷன் 5,000 போக, மீதி 25,000 இருபது பேருக்கும் கசராகப் பிரிகிறது. ஆளுக்கு 1,250. அந்த மாதம் நீங்கள் கட்டுவது 3,750. முன்னால் எடுப்பவருக்கு இது கடன், கடைசியில் எடுப்பவருக்குச் சேமிப்பு.

யார் திருப்பித் தருவது என்று இங்கேயும் கேளுங்கள். உங்கள் பணம் முன்னால் எடுத்துப் போன பத்துப் பதினைந்து பேரின் கையில் இருக்கிறது. அவர்கள் ஒழுங்காகக் கட்டினால் உங்களுக்கு வரும். இருவர் ஊரைவிட்டுப் போனால், கொழுந்தனார் தன் கையிலிருந்து போட வேண்டும். அவரிடம் அவ்வளவு இருக்கிறதா? பதிவு பெற்ற சீட்டில் இதற்குத்தான் ஏற்பாடு இருக்கிறது. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி, சீட்டு தொடங்கும் முன் பதிவாளரிடம் அனுமதி வாங்க வேண்டும், சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையை அவரிடம் கட்டி வைக்க வேண்டும், ஏலத்தின் நடவடிக்கைக் குறிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. கொழுந்தனாரின் சீட்டு பதிவு பெற்றதா என்று கேட்டால் உறவு கெடும் என்று தயங்குவீர்கள். கேட்க வேண்டாம். "அண்ணே, மாதம் கட்ட என் சம்பளம் தாங்காது" என்று சொல்லிவிடுங்கள், அதுதான் உண்மையும். மாதாமாதம் மிச்சம் பிடிக்க முடிகிறவருக்குத்தான் சீட்டு பயன்படும். மொத்தப் பணம் கையில் வந்தவர் அதை உடைத்துச் சீட்டில் கட்டுவதில் பொருளே இல்லை.

கூட்டுறவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே ஊரே குழம்பிப்போகும் இடம் ஒன்று இருக்கிறது. கிராமத்தில் உரமும் பயிர்க்கடனும் நகைக்கடனும் கொடுப்பது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். திண்டுக்கல்லில் இருப்பது மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி. இரண்டையும் பேச்சில் கூட்டுறவு வங்கி என்றே சொல்கிறோம். மத்தியக் கூட்டுறவு வங்கிக்கு 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு, கிராமச் சங்கத்துக்கு இல்லை. நகைக்கடன் வாங்கச் சங்கம் அருமையான இடம், வட்டி குறைவு. பெருந்தொகையைப் போட்டு வைக்க அது வேண்டாம்.

அந்தப் புது வங்கி சிறு நிதி வங்கி (ஸ்மால் ஃபைனான்ஸ் பேங்க்) வகையைச் சேர்ந்தது. பெயர் புதிதாக இருந்தாலும் ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற வங்கி, காப்பீடும் உண்டு. வட்டி கொஞ்சம் கூடுதலாகத் தருவார்கள். அங்கே போடுவதானால் வட்டியோடு சேர்த்து 5 லட்சத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் இருக்கும் பணப் பரிமாற்றச் செயலிகள் வங்கி அல்ல. பணம் உங்கள் வங்கியில்தான் இருக்கிறது, செயலி அதை நகர்த்துகிறது. யாராவது ஏமாற்றிப் பணம் போய்விட்டால் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

பைனான்ஸ் கம்பெனிகளில் கடன் வாங்குவதில் தவறில்லை, வட்டியை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். 1 லட்சத்துக்கு 12 சதவீதம் என்று சொல்லி, 1,12,000-ஐப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 9,333 கட்டச் சொன்னால் அது 12 சதவீதம் இல்லை. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் 21 சதவீதத்துக்கு மேல் வரும். குறையும் அசலுக்கு எத்தனை சதவீதம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

தபால் நிலையத்தைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், உங்கள் பணத்தின் பெரும்பகுதி அங்கேதான் போக வேண்டும் என்று நினைக்கிறேன். அங்கே திருப்பித் தரக் கடமைப்பட்டவர் இந்திய அரசு. 5 லட்சம் என்ற வரம்பும் இல்லை. அதே கட்டடத்தில் அஞ்சலகப் பேமென்ட்ஸ் வங்கி என்று ஒன்றும் இயங்குகிறது. அது தனி நிறுவனம், ஒரு கணக்கில் 2 லட்சம் வரைதான் வைக்கலாம், அன்றாடச் செலவுக்கு நல்லது. நீங்கள் கேட்க வேண்டியது அஞ்சலக மாத வருமானத் திட்டம். தனிநபர் 9 லட்சம் வரை போடலாம். 7.4 சதவீதத்தில் 9 லட்சத்துக்கு மாதம் 5,550 ரூபாய் உங்கள் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் வந்து விழும். ஐந்து ஆண்டுக் காலம். ஓராண்டுக்குப் பிறகு தேவைப்பட்டால் உடைக்கலாம், மூன்று ஆண்டுக்குள் உடைத்தால் அசலில் 2 சதவீதமும் அதன் பிறகு 1 சதவீதமும் பிடிப்பார்கள். புதிதாகப் போடுபவர்களுக்கான வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கும், போடும் அன்று கேட்டுக்கொள்ளுங்கள். போட்ட பின் ஐந்து ஆண்டும் அதே வட்டிதான்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதம். பொதுவாக 60 வயது ஆனவர்களுக்குத்தான், அதனால் உங்களுக்கு இல்லை, மாமியாருக்கு உண்டு. வட்டிக்காக மட்டும் அவர் பெயரைப் பயன்படுத்துங்கள் என்று சொல்ல மாட்டேன். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மகன் விட்டுச்சென்றதில் தாயும் முதல் வரிசை வாரிசு. மகனைப் பறிகொடுத்த அந்த அம்மாவுக்கு அவர் பெயரிலேயே ஒரு தொகை இருப்பது அவருக்கும் நிம்மதி, நாளை உறவுகளுக்குள் பேச்சு வராமல் உங்களுக்கும் நிம்மதி. 3 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 6,150 ரூபாய் அவர் கணக்குக்கு வரும். மருந்துச் செலவுக்கு யாரிடமும் கை நீட்ட வேண்டாம்.

பாலிசிப் பணம் திரும்பி வந்துவிட்டால் மீதம் 4 லட்சம் இருக்கும். மூன்று லட்சத்தை உங்கள் வங்கியிலேயே, ஒரே ரசீதாக இல்லாமல் லட்சம் லட்சமாக மூன்று ஃபிக்ஸட் டெபாசிட் போடுங்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒன்றை மட்டும் உடைத்தால் மற்ற இரண்டின் வட்டி கெடாது. ஒரு லட்சம் சேமிப்புக் கணக்கில் நிற்கட்டும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் உங்களுக்கு வர வேண்டிய பணம் விட்டுப்போயிருக்கலாம். கணவரின் பழைய பாஸ்புக்கை எடுங்கள். மே மாதக் கடைசி அல்லது ஜூன் மாத முதல் வாரப் பதிவுகளைப் பாருங்கள். 436 ரூபாய் என்று ஒரு பற்று இருக்கிறதா? இருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கான ஆண்டு பிரீமியம். 50 வயதுக்குள் சேர்ந்தவர்களுக்கு 55 வயது வரை 2 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு. சேரும்போது யாரோ நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டதோடு அவரே மறந்திருப்பார், வீட்டில் சொல்லியிருக்க மாட்டார். அந்த வரி இருந்தால், இறப்புச் சான்றிதழும் பாஸ்புக் நகலும் எடுத்துக்கொண்டு உடனே கிளைக்குப் போங்கள். முப்பது நாளுக்குள் வரவில்லையே என்று சொன்னாலும் திரும்பி வராதீர்கள், விண்ணப்பத்தைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

பி.எஃப். வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், பென்ஷன் பற்றி ஒரு வரியும் இல்லை. பி.எஃப். உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால் மனைவிக்கு மாதாந்திரக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கும் 25 வயது வரை, ஆளுக்கு உங்கள் ஓய்வூதியத்தில் நான்கில் ஒரு பங்கு தனியாக உண்டு. இதற்குப் படிவம் 10-டி. அதோடு, பி.எஃப். கணக்கோடு இணைந்த காப்பீடு என்று ஒன்று இருக்கிறது. அதில் அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும், தொழிலாளி அதற்குத் தனியாகப் பணம் கட்டியிருக்கத் தேவையில்லை. வந்த பணத்தில் இது சேர்ந்திருக்கிறதா என்று ஆலை அலுவலகத்தில் கேளுங்கள். "தெரியவில்லை" என்றால் பி.எஃப். அலுவலகத்துக்கே நேரில் போங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். எட்டு மாதமாக வராத ஓய்வூதியம் முன்தேதியிட்டுச் சேர்ந்து வரும்.

புகார் கொடுக்கும் வழியையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கியிடம் முதலில் எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 14448 என்ற எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். பாலிசி விஷயத்தில் காப்பீட்டுக் கம்பெனி இழுத்தடித்தால் காப்பீட்டு ஆணையத்தின் 155255 என்ற எண்.

எந்த ரசீது வாங்கினாலும் நியமனதாரர் பெயரை எழுதிவிட்டு வாருங்கள். வங்கிக் கணக்கில் 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை நியமிக்கலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிப்பிடலாம். மகன் மைனர் என்பதால் அவன் பெயரைப் போடும்போது, அவனுக்காகப் பணத்தைப் பெற்றுக்கொள்ள ஒரு பெரியவரின் பெயரையும் கேட்பார்கள். கொழுந்தனாரின் பெயரை எழுதும்படி வீட்டில் யாராவது சொல்லக்கூடும். மகளுக்கு 18 ஆகிவிட்டது, அவள் பெயரை எழுதுங்கள்.